வாக்குத்தத்த வசனம் கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் திசையன்விளைப் பக்கத்துக் கோயில்களில் வசன அட்டைகளை ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒன்று. அதில் இருக்கிற வேதாகம வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தருகிற வாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். வெளியே வந்ததும் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே வாசித்துவிடுவார்கள். மறுநாள் காலையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "உனக்கு என்ன வசனம் வந்துச்சு?" என்பதுதான். அட்டை வேதாகமத்துக்குள் போகும், அல்லது மணிபர்சுக்குள் போகும். மார்ச் மாதம் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது என்றால் அப்போது அதை வெளியே எடுத்து, "ஆண்டவர் சொன்னாரே, செய்யவில்லையே" என்று அழுவார்கள்.

நான் பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள்) பெண்கள் சங்கத்து வேதபாடத்தைப் பல வருஷமாக நடத்தி வருகிறேன். அந்த அழுகையைக் கேட்டுக் கேட்டுத்தான், வசனம் வாங்கியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அதையே இங்கே எழுதுகிறேன். தேவனுடைய வாக்கை நான் முழு மனதோடு நம்புகிறேன். அதனாலேயே, அவர் சொல்லாததை அவர்மேல் ஏற்றக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன்.

முதல் வேலை, அட்டையில் இருக்கிற வசனத்தின் அதிகாரத்தை முழுவதும் சத்தமாக வாசிப்பது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். யார் யாரிடம் சொன்னார், கேட்டவர்கள் எங்கே இருந்தார்கள், அவர்களுக்கு அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்.

அட்டைகளில் அதிகம் வருகிற வசனம் ஒன்று உண்டு: எரேமியா 29:11. கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்பது. அது ஒரு கடிதத்தில் வருகிற வரி. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் ராஜா எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பிடித்துக்கொண்டு போனான். போனவர்களுக்கு எருசலேமில் இருந்த தீர்க்கதரிசி எரேமியா எழுதி அனுப்பியது அந்தக் கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். அவனும் தீர்க்கதரிசி என்றுதான் பெயர். பாபிலோனுக்கு அடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தை எல்லோர் முன்பாகவும் எடுத்து உடைத்து, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்றது. அதுவும் 11-ஆம் வசனத்துக்கு நேர் மேலே, 10-ஆம் வசனத்திலேயே. அதை வாசித்துக் கேட்ட முப்பது வயதுக்காரன் எவனும் தான் ஊர் திரும்பப்போவதில்லை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டான்.

இதைச் சொன்னதும் வேதபாடத்தில் ஒரு பெண் கேட்டாள்: "அப்போ அந்த வசனம் நமக்கு இல்லையா டீச்சர்?" நல்ல கேள்வி. நமக்கு உண்டு. ஆனால் அது எந்த வழியாக நமக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எழுபது வருஷக் கணக்கு யூதா ஜனங்களுக்குக் கொடுத்தது. தண்டனையின் நடுவிலும் தம்முடைய ஜனத்தை மறக்காத தேவன் இவர் என்பது நமக்கும் சேர்த்துத்தான். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கிறது என்று பவுல் எழுதியது அந்த வழியைத்தான். ஆகவே 29:11 வந்தவர்கள், "இந்த வருஷம் என் காரியம் முடியும்" என்று எழுதிக்கொள்ளாதீர்கள். "என் காரியம் இந்த வருஷம் முடியாவிட்டாலும் அவர் என்னைக் குறித்து வைத்திருக்கிற எண்ணம் நல்லது" என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தில்தான் அதிக விசுவாசம் இருக்கிறது என்பேன்.

அடுத்து, "இருந்தால்", "நடந்தால்", "செவிகொடுத்தால்" என்று பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற உபாகமம் 28:13 வந்தால் எங்கள் பக்கம் வீடே கொண்டாடும். அந்த வசனத்திலேயே, கட்டளைகளைக் கைக்கொண்டு நடக்கக் கவனமாயிருந்தால் என்று இருக்கிறது. அதே அதிகாரத்தின் 44-ஆம் வசனத்தில் மாற்றிச் சொல்கிறது: அந்நியன் தலையாயிருப்பான், நீ வாலாயிருப்பாய். அது என்ன கட்டளை என்று நாலு அதிகாரம் பின்னால் போய்ப் பார்த்தால், அறுக்கும்போது வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டைத் திரும்பப்போய் எடுக்காதே, பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் விட்டுவிடு என்கிறது. கூலிக்காரனுக்கு அன்றன்றே கூலி கொடு, பொழுது சாயவிடாதே என்கிறது. தலையாக வேண்டும் என்கிறவர்கள் முதலில் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு இந்த மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள்.

எல்லா வாக்கும் இப்படி நிபந்தனையோடு வருவதில்லை. ஆதியாகமம் 15-இல் ஆபிராம் (பிற்பாடு ஆபிரகாம் என்று பெயர் மாறியவர்) மிருகங்களை நடுவாகத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறார். அந்தக் காலத்து உடன்படிக்கையில் அந்தத் துண்டங்களின் நடுவே நடந்துபோகிறவன், தான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறான். ஆபிராமோ அயர்ந்த நித்திரையில் கிடக்கிறார். புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டும் நடுவே கடந்து போகிறது. தேவன் தனியாகவே நடந்தார். இப்படிப்பட்ட இடத்திலிருந்து வசனம் வந்தால் அதைச் சம்பாதிக்க முயற்சி செய்யாதீர்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, காலத்தை எழுதுங்கள். வாக்கு எப்போது வந்தது, எப்போது நிறைவேறியது. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில் 86 வயதில், வேலைக்காரி ஆகாரிடத்தில் இஸ்மவேல் பிறந்தபிறகு, 99 வயது வரைக்கும் தேவன் அவரிடம் பேசியதாக ஒரு வரி கூட இல்லை. 16-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கும் 17-இன் முதல் வசனத்துக்கும் நடுவே பதின்மூன்று வருஷம் இருக்கிறது. வாசிக்கிற நமக்கு அது ஒரு மூச்சு. வாழ்ந்தவருக்கு அது எத்தனை ராத்திரி! தேசம் முழுவதும் உனக்கு என்று சொல்லப்பட்ட மனிதர் சாகும்வரை அதில் சொந்தமாக வாங்கியது, மனைவி சாராளை அடக்கம் பண்ண எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்த மக்பேலா நிலம் ஒன்றுதான். நிலமும் அதிலுள்ள குகையும் எல்லையைச் சுற்றி நின்ற மரங்களும் என்று அந்த அதிகாரம் எழுதியிருப்பதை வாசித்தால், நம் பக்கத்துக் கிரயப் பத்திரத்தில் எல்லையையும் அதில் நிற்கிற பனைகளையும் எழுதுவதுபோலவே இருக்கும்.

இங்கே என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லை. ஒரு வருஷம் அவளுக்கு வந்த வசனம், "கர்த்தரால் ஆகாத காரியம் உண்டோ?" சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த வருஷமே தொட்டில் கட்டிவிடலாம் என்று பேசினார்கள். நானும் அவளும் ஆதியாகமம் 18-ஐ முழுவதும் வாசித்தோம். சாராளுக்குச் சொன்னபோது காலத்தையும் சேர்த்துச் சொன்னார், குமாரன் என்றும் சொன்னார். அது சாராளுக்கு. "ஆகாத காரியம் உண்டோ" என்ற கேள்வி மட்டும் எல்லாருக்கும் உரியது. தங்கச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அவரால முடியும்னு நம்புறேன் அக்கா. தருவேன்னு எனக்குச் சொன்னாருன்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த வசனம் இன்றைக்கும் அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. விசேஷ வீட்டில் யாராவது அதைச் சுட்டிக்காட்டிப் பேசினால் நிதானமாகப் பதில் சொல்வாள். நான் பார்த்த விசுவாசத்தில் இதுவே பெரியது.

இனி ஜெபம். வாக்கு வந்துவிட்டதே, இனி கேட்பானேன் என்று சிலர் நினைக்கிறார்கள். தானியேல் அப்படி நினைக்கவில்லை. 9-ஆம் அதிகாரத்தில், எரேமியாவின் எழுபது வருஷக் கணக்கைப் புஸ்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டதும், அவர் உபவாசம் பண்ணி, இரட்டு என்ற சாக்குத்துணி உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து ஜெபிக்கிறார். கணக்கு முடிகிறதை அறிந்தவர் செய்தது பாவ அறிக்கை. எலியாவும் அப்படித்தான். "மழையைக் கட்டளையிடுவேன்" என்று தேவன் சொன்ன பிறகும் கர்மேல் மலையில் முகம் முழங்காலில் பட குனிந்து ஜெபித்தார். வேலைக்காரனை ஏழுதரம் சமுத்திரத்துப் பக்கம் பார்க்க அனுப்பினார். ஏழாந்தரம்தான் உள்ளங்கை அளவு மேகம். உங்கள் வசனத்தை ஒரு ஜெபமாக மாற்றி எழுதுங்கள். "நீர் இப்படிச் சொன்னீர், ஆகவே கேட்கிறேன்" என்று தொடங்குங்கள். காலையில் காப்பிக்கு முன்னால் ஒருதரம் சொல்லுங்கள்.

மழை என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் பிறந்தது சேரன்மகாதேவிப் பக்கம், வாழ வந்தது தேரிக்காடு. பிறந்த ஊரில் கன்னடியன் கால்வாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும், மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்க்க வேண்டும். மழை பெய்தால் குளம், பெய்யாவிட்டால் செம்மண். உபாகமம் 11:10 முதல் 12 வரையுள்ள வசனங்கள் எனக்கு விளங்கியது இந்த ஊருக்கு வந்தபிறகுதான். எகிப்தில் நீ உன் காலால் கீரைத்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினாய், நீ போகிற தேசமோ வானத்து மழையைக் குடிக்கிற தேசம் என்கிறார். நைல் நதித் தண்ணீரை விட்டு, மழை நம்பிப் பிழைக்கிற மலைநாட்டுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே முன்மாரி பெய்வது ஏறக்குறைய நம் வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான். பின்மாரி அறுப்புக்கு முன்னால், மார்ச், ஏப்ரலில். மழை தவறினால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் இஸ்ரவேலர் பாகாலிடம் போனார்கள். கானானியருக்குப் பாகால் புயலுக்கும் மழைக்கும் தேவன். பாகாலின் தீர்க்கதரிசிகளோடு எலியா நடத்திய போராட்டம் ஏன் மழையை வைத்து நடந்தது என்று இப்போது தெரியும். கர்த்தரை விட்டேவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. இவரும் இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு அவரும் இருக்கட்டும் என்று இரண்டு நினைவால் குந்திக்குந்தி நடந்தார்கள். உங்கள் வசனத்துக்குப் பக்கத்தில் ரகசியமாக வேறு என்னத்தை நம்பி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு மாலை நேரம் உட்கார்ந்து யோசியுங்கள். ஜாதகக் கட்டாக இருக்கலாம், செல்வாக்குள்ள மாமாவாகவும் இருக்கலாம்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கிற படிக்கு வருகிறேன். வசனத்தை நம்பி ஒரு வேலையைச் செய்யுங்கள். செலவு பிடிக்கிற வேலையாக இருக்கட்டும்.

எரேமியா 32. சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார், நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக. அப்போது அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத்து எருசலேமுக்கு வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் உள்ள ஊர். எதிரியின் சேனை சுற்றி நிற்கிற நேரம். அந்த நிலத்துக்கு எவன் காசு கொடுப்பான்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். இன்றைய எடையில் ஏறக்குறைய 200 கிராம். பத்திரம் எழுதினார், முத்திரை போட்டார், சாட்சிகளை வைத்தார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் இனியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னார், அதற்கு இது அடையாளம்.

பத்திரமெல்லாம் முடிந்தபிறகுதான் அவருக்குக் கலக்கம் வருகிறது. "உம்மால் செய்யக்கூடாத காரியம் ஒன்றுமில்லை" என்று தொடங்குகிற ஜெபம், நகரம் கல்தேயர் (பாபிலோன்காரர்) கையில் போகிறதே, நீரோ நிலத்தை வாங்கு என்றீரே என்று கேள்வியாக முடிகிறது. கலக்கம் தீர்ந்தபின் கீழ்ப்படிவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. நீங்களும் காத்திருக்க வேண்டாம். கீழ்ப்படிந்துவிட்டுக் கலங்கினால் அந்தக் கலக்கத்தை அவரிடமே கொண்டுபோகலாம்.

அந்த நிலம் எரேமியாவுக்குப் பயன்படவில்லை. கி.மு. 586 வாக்கில் நகரம் அழிந்தது, அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கோரேசு ராஜா கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்து, மறுவருஷம் யூதருக்குப் போக அனுமதி கொடுத்தான். ஊர் திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா 2-இல் இருக்கிறது. எல்லாரும் தாண்டிப்போகிற அதிகாரம். 23-ஆம் வசனத்தில் நிறுத்தி வாசியுங்கள்: ஆனதோத்தூர் மனிதர் 128 பேர்.

சரி, நாம் வாங்குகிற நிலம் எது? ஒவ்வொருவருக்கும் வேறு. பேசாமல் இருக்கிற அண்ணனோடு சமாதானம் உண்டாகும் என்று வசனத்தைப் பிடித்து ஜெபிக்கிறவர், அண்ணன் மகள் சடங்குக்கு முதல் ஆளாகப் போகட்டும், மைனியிடம் நலம் விசாரிக்கட்டும். குடிக்கிற கணவனுக்காக ஜெபிக்கிற பெண், அவரைத் திட்டாமல் ஒரு நல்ல மருத்துவரிடம் நாள் வாங்கி வைக்கட்டும். வேலைக்குக் காத்திருக்கிற பையன் வசனத்தை மேசையில் ஒட்டிவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கட்டும். பாபிலோனுக்குப் போனவர்களிடமும் கடிதம் இதைத்தானே சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். நம் ஊரில் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற பழக்கத்தை நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி தனியாக எடுத்துக் கோயிலுக்கு வைத்தார்களே அந்தக் காலத்து அம்மாமார், அந்தப் பானையில் மீதி எவ்வளவு இருந்தது என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நம்பிச் செய்கிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் ஐயர் காலத்தில் எழும்பிய கோயில் 1880-இல் பிரதிஷ்டை ஆனது. கட்டி முடிக்க முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

செய்யக்கூடாதது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காதேஸ்பர்னேயாவில், வாக்குப்பண்ணின தேசத்தை வேவுபார்த்து வந்தவர்கள் பேச்சைக் கேட்டு, போங்கள் என்றபோது போகமாட்டோம் என்ற ஜனங்கள், நாற்பது வருஷத் தண்டனையைக் கேட்டதும் மறுநாள் அதிகாலையில் எழுந்து, வாக்குப்பண்ணின இடத்துக்குப் போகிறோம் என்று மலையேறினார்கள். மோசே தடுத்தார். உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தை விட்டு நகரவில்லை. ஓர்மா என்ற இடம்வரைக்கும் அடிபட்டு ஓடினார்கள். வாக்கு இருக்கிறது என்று சொல்லிக் கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்குகிறவர்களும், மாத்திரையை நிறுத்துகிறவர்களும் எண்ணாகமம் 14-ஐ வாசிக்க வேண்டும். சோதனைக்காரனாகிய பிசாசு இயேசுவிடம் 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் குதிக்கச் சொன்னான். அதில் "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிட்டான்.

ஒரு நோட்டுப் போடுங்கள். யோர்தானைக் கடந்தபோது யோசுவா பன்னிரண்டு கல் எடுத்துக் கில்காலில் நாட்டியது, பிள்ளைகள் நாளைக்கு இது என்ன கல் என்று கேட்க வேண்டும் என்பதற்காக. நோட்டில் நல்லது நடந்ததை மட்டும் எழுதாதீர்கள். எங்கள் பக்கம் எபெனேசர் என்று எத்தனையோ வீட்டுக்குப் பெயர் உண்டு. உதவியின் கல் என்று அதற்கு அர்த்தம். சாமுவேல் அந்தக் கல்லை நாட்டியது 1 சாமுவேல் 7-இல். 4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கி, பெலிஸ்தரிடம் முறிந்து, உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்த இடத்துக்கும் எபெனேசர் என்றே பெயர். தோற்ற நாளும் ஜெயித்த நாளும் ஒரே பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஜெபம் கேட்கப்படாத நாளையும் தேதி போட்டு எழுதுங்கள்.

பிறருடைய துக்கத்தில் உங்கள் வசனத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். யோபின் சிநேகிதர் ஏழுநாள் ராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. துக்க வீட்டுக்குப் போகும்போது காப்பித்தூளும் பாலும் வாங்கிப் போங்கள், வந்தவர்களுக்குப் போட்டுக்கொடுங்கள். வசனம் பதினாறாம் நாளுக்கு அப்புறம் சொல்லலாம், அவர்களாகக் கேட்டால்.

இந்த வாரமே தொடங்க நினைப்பவர்கள் எரேமியா 27 முதல் 32 வரை வாசியுங்கள். ஆறு அதிகாரம். திங்கட்கிழமை தொடங்கி நாளுக்கு ஒன்று வாசித்தால் சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும். நுகம், அனனியா, கடிதம், புது உடன்படிக்கை, நிலப் பத்திரம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 32-ஐ அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள், பெயர்களில் தட்டினாலும் பரவாயில்லை. விளங்காத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயரிடமோ உபதேசியாரிடமோ கேட்டுக்கொள்ளலாம்.